கல்லாற்றுப் பிள்ளைகள்

பேராதனை வளாகம்
26.11.1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று எழுதவே கை ஓடவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: நீ, அத்தான், வடிவு, சின்னவன் பாபு எல்லாரும் சுகம்தானே?

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவில் மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப் போட்டுவிட்டது என்றார்கள். கல்லாறு கடலோரத்தில்தானே இருக்கிறது! தபால் கந்தோருக்கு ஓடினேன். "லைன் எல்லாம் அறுந்துட்டுது மிஸ், தந்தியும் போகாது" என்று கையை விரித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை நிவாரண லொறியில் போகும் மருத்துவபீட மாணவர் ஒருவரிடம் கொடுக்கிறேன்.

அக்கா, இங்கே வளாகமே தலைகீழாகிக் கிடக்கிறது. விரிவுரையாவது மண்ணாவது! விடுதிச் சமையலறையில் நாங்களே ரொட்டி சுட்டு அடுக்குகிறோம். என் அறைத் தோழி பஸீஹா, அக்குறணைக்காரி, தன் பெட்டியைத் திறந்து நல்ல சீலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். "பழசக் குடுத்தா அது குடுத்ததா?" என்றாள். பத்மாவும் சிங்களப் பிள்ளைகளும் கண்டி மார்க்கட்டுக்குள் புகுந்து அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். மார்க்கட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஜமால்தீன் முதலாளி தன் லொறியையே கொடுத்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு அத்தானோடு போன நாளிலிருந்து உன் பெயரைச் சொல்லாத மனிதர் இன்னும் அப்படியேதான். போன மாதம் புசல்லாவைக்குப் போனபோது வடிவின் படத்தைக் காட்டினேன். "வெளிச்சம் போதல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டப்பகல் அக்கா!

ஒரு வரி எழுது. சுகம் என்று மட்டும் எழுது.

உன் தங்கை
பரிமளம்


பேராதனை வளாகம்
29.11.1978

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டு வலி எப்படி? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். இங்கே ஆளுக்கு ஆள் ஊட்டிவிடாத குறைதான்.

அக்காவிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. முதல் லொறி போய்விட்டது. மகியங்கனைவரை கூடப்போய்த் திரும்பிய மாணவர் ஒருவர் வழிக்கதை சொன்னார். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வீதியை மறித்து நின்றார்களாம். மாணவர்கள் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றினால், அவர்கள் லொறிக்குள் கம்பளிகளை எறிந்திருக்கிறார்கள். கொழுந்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கம்பளி அம்மா! அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மழையில் நின்றார்களாம். ஆனால் பாதிச் சாமான் வழியில் நனைந்துவிட்டது. தார்ப்பாயை ஒழுங்காகக் கட்ட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது லொறி அடுத்த செவ்வாய்க்கிழமை விடியக் கண்டி மார்க்கட்டிலிருந்து புறப்படும். இந்தத் தடவை வேறெங்கும் சுற்றாமல் நேரே கல்லாற்றுக்கே போகிறது. உங்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப இருந்தால் அனுப்புங்கள்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் முகம் பார்த்துச் சொல்லவேண்டும்.

அன்பு மகள்
பரிமளம்


புசல்லாவை
1.12.1978

மகள் பரிமளத்துக்கு அப்பா எழுதுவது,

இங்கே விடாத மழை. அம்மாவுக்குத் தைலம் பூசுகிறோம், பரவாயில்லை. நீ நனையாமல் இரு.

நீ உன் அம்மாவுக்கு எழுதியது மேசையில் திறந்து கிடந்ததால் கண்ணில் பட்டது. தார்ப்பாயை விரித்தால் போதும், கட்டவேண்டியதில்லை என்று பட்டதாரிகள் நினைத்தால் மகியங்கனை வளைவுகளில் சாமான் எல்லாம் குரங்குகளுக்குத்தான். நம் கடையிலிருந்து தேங்காய்நார்க் கயிறு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். நைலோன் கயிறு வழுக்கும், அதை நம்பவேண்டாம்.

நெருப்புப்பெட்டியைத் தகர டின்னில் போட்டு மூடவும். அந்தப் பக்கம் புழுங்கல் அரிசிதான் சாப்பிடுவார்கள், பச்சை அரிசியைக் கொடுத்து வயிற்றைக் கெடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்குப் பால்மாவைத் தனியாகக் கட்டவும்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா


கல்லாறு
1.12.1978

அன்பு பரிமளம்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் வளாகத்துப் பொடியன்கள் வாசலில் நிற்கிறார்கள், லொறி திரும்பப் போகிறதாம், உடனே எழுதித் தா என்று அவசரப்படுத்துகிறார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கூரை போச்சு. கிணறு உப்பாகிவிட்டது. பிள்ளை எல்லாம் போச்சு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. எத்தனை பாடுபட்டு வளர்த்தது! ஒரே இரவில் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர் இன்னும் சேற்றுக்குள் தேடிக்கொண்டு திரிகிறார். நான் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று அடக்கிக்கொண்டு இருக்கிறேன்.

அப்பாவுக்குச் சொல்லவேண்டாம். சொன்னாலும் என்ன ஆகப்போகிறது?

பொடியன்கள் கூப்பிடுகிறார்கள். சீலை கொடுத்த பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

ஞானேஸ்வரி


பேராதனை வளாகம்
4.12.1978

அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை, மன்னியுங்கள். அக்காவின் கடிதம் இன்று வந்தது. உங்களிடம் சொல்லவேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்கிறேன். வடிவும் பாபுவும் போய்விட்டார்கள் அப்பா. அக்காவும் அத்தானும் மட்டும்தான் மிச்சம்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் எங்கே விழுந்தேன் என்றே தெரியவில்லை. பஸீஹாதான் தூக்கி உட்காரவைத்தாள். விடுதியில் ஒருத்தியும் இன்று சாப்பிடவில்லை. குறிஞ்சிக் குமரன் கோயிலில் மாணவர்கள் விளக்கு வைத்தார்கள். பத்மா பன்சலையில், அவர்களுடைய புத்தர் கோயிலில், பூ வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமே தெரியாத இரண்டு குழந்தைகளுக்காக ஒரு வளாகமே அழுகிறது. அவர்களுடைய தாத்தா அவர்களைப் பார்க்கவே இல்லை.

நான்கு வருடமாக உங்கள் கோபம் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. இனி யாரிடம் அந்தக் கோபத்தைக் காட்டப்போகிறீர்கள்? நான் இப்படி எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன்.

நாளைக்குப் போகிற லொறியில் என்னையும் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினேன், இடமில்லை என்றுவிட்டார்கள். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பரிமளம்


கல்லாறு
9.12.1978

அடி பைத்தியக்காரி,

நாங்கள் சுகம். நாங்கள் நான்கு பேரும் சுகம்! கேட்டுக்கொள், நான்கு பேர்! வடிவு இந்தக் கடிதத்தின் மூலையில் கிறுக்கியிருக்கிறாளே, அதுதான் அவள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி. பாபுவுக்குப் பல் முளைத்து, கையில் அகப்பட்டவரை எல்லாம் கடிக்கிறான்.

நடந்ததைக் கேள். புதன்கிழமை மத்தியானம் லொறி வந்து நின்றது. ஆட்கள் இறங்குமுன்னே ஒரு கூக்குரல். "ஐயோ, எங் கண்ணுங்களே! ஒங்கள ஒரு தடவ தூக்கக் குடுத்துவைக்கலயே இந்தப் பாவி!" எட்டிப் பார்க்கிறேன், நம் அப்பா! வேட்டி சேற்றில் இழுபட, நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறார். அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, நானும் "அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். அப்பா என்னைப் பார்த்து இன்னும் பலமாக அழ, நான் அவரைப் பார்த்து அழ, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். யார் செத்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் என்ன அழுகை!

சத்தம் கேட்டு உன் அத்தான் கொல்லையிலிருந்து சேற்றுக் கையோடு ஓடிவந்தார்.

"என்ன மாமா, ஆருக்கு என்ன?"

"புள்ளைங்க போச்சே தம்பி!" என்று அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இவரும் முகம் தொங்கிப்போய், "ஓம் மாமா, எல்லாப் புள்ளையும் போயித்து. என்ன செய்யிற? மழை விடுறதுக்குள்ள வேற புள்ள வெச்சிரலாம் மாமா, கவலப்படாதீங்க" என்றார்.

அப்பா கையை எடுத்துவிட்டார். "வேற புள்ளயா? என்னாய்யா பேசுற நீ? மனுசன்தானா நீ?" என்று அடிக்கவே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வடிவு, உங்கள் வளாகத்து ரொட்டியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஏம்மா இந்தத் தாத்தா அழுறாரு?" என்று கேட்டாள்.

அப்பா ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். என் இடுப்பில் பாபு இருப்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

"அப்ப... யாரு செத்தது?"

"ஒருத்தரும் சாகல்ல மாமா. தென்னம்புள்ளதான் செத்துப்போச்சு. விக்கிறதுக்கு நாத்து மேட போட்டு வெச்சிருந்தம்."

"தென்னம்..."

"தென்னங்கன்னு அப்பா," என்றேன் நான். "இங்க கன்னுன்னு சொல்லமாட்டாங்க. புள்ளன்னுதான் சொல்லுவாங்க."

யாரோ ஒருத்தி பக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கூரை இல்லாத அத்தனை வீடும் சிரித்தது. சூறாவளிக்குப் பிறகு இந்த ஊர் சிரித்தது அன்றைக்குத்தான். "தேங்காய்க்கா எங்கள இவ்வளவு அழவெச்சீங்க?" என்று ஒரு மாமி அப்பாவைத் திட்டினார். அப்பா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. வடிவையும் பாபுவையும் இரண்டு கையிலும் வாரி எடுத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பாபு அவர் மூக்கைக் கடித்தான்.

குற்றம் என்னுடையதுதான். இந்த ஊர்ப் பேச்சு என் நாக்கில் ஒட்டிப்போனது எனக்கே தெரியவில்லை.

ஆனால் பரிமளம், என்னிடம் அப்பா இன்னும் பேசவில்லை. அழுகை நின்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். "இந்தக் கூரைய யாரு கட்டினது? இப்பிடியா முடிச்சுப் போடுவாங்க?" என்று, நாங்கள் அவசரத்துக்குக் கட்டியிருந்த ஓலையைக் காட்டி உன் அத்தானைக் கேட்டுவிட்டுக் கூரையில் ஏறிவிட்டார். இன்றுவரை இறங்கவில்லை, சாப்பாட்டுக்குத் தவிர. பசித்தால், "வடிவு, ஒங்கம்மாகிட்ட சோறு கேளு" என்பார். அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு சுமக்கிறாள்.

அம்மாவுக்கு உடனே தந்தி அடி. பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பார்.

உன் அக்கா
ஞானம்


பேராதனை வளாகம்
15.12.1978

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் விடுதிக் காப்பாளர் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார். சுகமா என்று இனிமேல் உன்னைக் கேட்கமாட்டேன். நீ எழுதுகிற தமிழ் எனக்கு விளங்காது!

உடனே அம்மாவுக்குத் தந்தி அடித்தேன். "பிள்ளைகள் உயிரோடு, செத்தது தென்னை" என்று எழுதிக் கொடுக்க, கந்தோர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வளாகம் முழுக்கச் சிரிப்புத்தான். எங்கள் தமிழ்த்துறை விரிவுரையாளர் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "'ஒன்றுகூட மிஞ்சவில்லை' எண்டுதானே எழுதியிருக்கிறா? 'ஒருவரும்' எண்டு எழுதேல்லையே. தமிழைச் சிறப்புப் பாடமாப் படிக்கிற உமக்கு உயர்திணை எது, அஃறிணை எது எண்டு தெரியாதோ?" என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் விடவில்லை. "குழந்தை அழுதது என்றுதானே, சேர், சொல்கிறோம்?" என்றேன். அவர் சற்று யோசித்து, "ஓம், அதுவும் சரிதான்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அவரும் அழுதவர்தான். பத்மாதான் கேலி செய்கிறாள். சிங்களத்தில் தென்னங்கன்று 'பொல் பெல' ஆம், பிள்ளைக்கு வேறு சொல்லாம். "நாங்க எழுதியிருந்தா ஒருத்தரும் அழுதிருக்கமாட்டாங்க" என்கிறாள்.

இனி முக்கியமான செய்தி. விவசாயபீட மாணவர்கள், "அழுதது அழுதாச்சு, இனிப் பிள்ளையைத் தேடுவோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அறிவித்தல் பலகையில் யாரோ குறும்பாக "கல்லாற்றுக்குப் பிள்ளைகள் தேவை" என்று எழுதிவைக்க, எந்தப் பிள்ளை என்று விளங்காமல் பொறியியல்பீடத்து ஆண்பிள்ளைகள் ஒரு கூட்டம் பெட்டியோடு வந்து நின்றது! அவர்களையும் விடவில்லை, கூரை மேய அனுப்புகிறோம். குண்டசாலையிலும் பல்லேகலப் பக்கத்திலும் வீடு வீடாகப் போய்க் கன்று சேர்க்கிறோம். ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டு வளவில் நட்டிருந்ததையே வேரோடு கிளப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் லொறி நிறையப் பிள்ளைகள் வரும். பஸீஹாவும் பத்மாவும் கூடவே வருகிறார்கள், நான் அம்மாவுக்குத் துணையாகச் சில நாள் புசல்லாவைக்குப் போகிறேன். அத்தானை மேடையைத் தயார்பண்ணி வைக்கச் சொல்.

அப்பா பேசுவார் அக்கா. பேசாமல் எங்கே போகப்போகிறார்? என் கடிதம்தான் அவரைக் கிளப்பியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பிழையாக விளங்கிக்கொண்டதிலும் நன்மை இருக்கிறது பார்.

உன்
பரிமளம்


கல்லாறு
23.12.1978

அன்பு பரிமளம்,

வடிவும் பாபுவும் சுகம், அவரும் சுகம், நானும் சுகமாகத்தான் இருக்கவேண்டும், இருக்கிறேன்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தன. (அஃறிணையில் எழுதியிருக்கிறேன், உன் விரிவுரையாளரிடம் காட்டு.) உங்கள் மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கே திருவிழா மாதிரி இருந்தது. ஆளுக்கொரு குழி வெட்டி, ஆளுக்கொரு கன்று நட்டார்கள். நட்ட கன்றுக்கு நட்டவர் பெயரையே வைக்கவேண்டும் என்று இங்குள்ள சிறுவர்கள் அடம்பிடித்ததால், எங்கள் கொல்லையில் இப்போது ஒரு பத்மாவும் ஒரு பஸீஹாவும் நிற்கிறார்கள். இவர் சந்தோஷத்தில் மண்வெட்டியோடு ஆடினார். கல்யாணத்தன்றுகூட அப்படி ஆடவில்லை.

அதே லொறியில் அப்பா திரும்பிப் போய்விட்டார். நம் கூரையை முடித்து, அடுத்த நான்கு வீட்டுக் கூரையையும் முடித்து, போகும்போது வடிவுக்கு முத்தம் கொடுத்தார், பாபுவுக்கு முத்தம் கொடுத்தார், இவர் கையைப் பிடித்து "வர்றேன் மாப்பிள்ள" என்றார். நான் சோற்றுப் பொட்டலத்தோடு பக்கத்திலேயே நின்றேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். லொறி கிளம்பிவிட்டது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தானே அப்பா வந்தார்? சாகவில்லை என்று தெரிந்திருந்தால் வந்திருப்பாரா? கடலும் காற்றும் ஊரையே தூக்கிக்கொண்டு போனபோது, மகள் இருக்கிறாளா செத்தாளா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகள் மேல் பாசம் வந்துவிட்டது, அது எனக்குப் பெரிய சந்தோஷம். அது போதும் என்று என்னை நானே தேற்றுகிறேன். போதவில்லை பரிமளம். எனக்கு அப்பா வேண்டும்.

இதை அம்மாவுக்கு எழுதிவிடாதே.

ஞானம்


புசல்லாவை
3.1.1979

அன்பு மகள் ஞானேஸ்வரிக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் என் தங்கங்கள் இரண்டும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். என் மூட்டு வலியை விடு, சந்தோஷத்தில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

எழுதவேண்டாம் என்று நீ சொன்னதைப் பரிமளம் எழுதிவிட்டாள். அவள் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டாள்? கேட்காததும் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நீ இதை நெஞ்சில் வைத்துக்கொண்டே கிழவியாகியிருப்பாய்.

ஞானம், பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று பரிமளம் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இங்கே வந்தது புதன்கிழமை. அதைப் படித்து நான் அழுத அழுகை கடைத்தெருவுக்கே கேட்டது. ஆனால் உன் அப்பா திங்கட்கிழமையே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை விடிய லொறியில் ஏறியபோது அவருக்கு ஒன்றும் தெரியாது. மகியங்கனையில் தேத்தண்ணிக் கடையில் பொடியன்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரிந்ததாம். பேசியவர்களுக்கு இவர் யார் என்றே தெரியாதாம். அதற்குப் பிறகு உன் வாசல்வரைக்கும் வாயே திறக்கவில்லை என்று லொறியில் கூடப்போன ஜமால்தீன் முதலாளி சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, கயிற்றுக் கட்டை எடுத்து வைத்தார். கயிற்றைக் கடைப் பையன் சின்னமுத்துவிடம் கொடுத்துவிட்டால் போதாதா, இந்த மழையில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "என்னாடி கேள்வி கேக்கிற? எம் மக உசுரோட இருக்காளா இல்லையான்னு நான் போய்ப் பாக்க வேணாமா?" என்று கத்தினார். எம் மக என்றார், ஞானம். சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அங்கிருந்து திரும்பி வந்ததும், உன்னிடம் ஏன் பேசவில்லை என்று நான் பிடித்து உலுக்கினேன். "பேசலாம்னு வாயத் தொறந்தா அழுகதான்டி வருது. மாப்பிள்ள முன்னாடி எத்தன தடவ அழுவுறது?" என்கிறார். இவ்வளவுதான் உன் அப்பாவின் வீராப்பு.

நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். பேனாவைப் பிடுங்குகிறார். இனி அவர் பாடு.

உன் அம்மா
வடிவம்மா

ஞானம், உன் அம்மா எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வாள். பொங்கலுக்கு நான்கு பேரும் வரவேண்டும். மாப்பிள்ளைக்கும் லீவு எடுக்கச் சொல். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார், வளைவுகளில் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தலை சுற்றும். எந்த பஸ் என்று எழுத வேண்டாம். நான் விடியற்காலையிலேயே வந்து கண்டி பஸ் நிலையத்தில் நிற்பேன், நீ வந்து இறங்கும்வரைக்கும் நிற்பேன். அப்பா.